பகல் தூக்கம் சோம்பல் அல்ல

1. முத்தம்மாவின் வேலை

மும்பையில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் மக்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் பல.

அந்தத் தாராவியில் முத்தம்மா என்று ஒருவர் இருப்பதாக வைத்துக் கொள்வோம். இது கற்பனைப் பெயர். ஆனால் இவரைப் போன்றவர்கள் நம் நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

முத்தம்மாவுக்கு வயது 45. ஒரு பெரிய மருத்துவமனையில் ஆயா வேலை. நோயாளிகள் அவரை 'மாவ்ஷி' என்று கூப்பிடுவார்கள். மராத்தி மொழியில் அம்மாவின் சகோதரியை அப்படித்தான் அழைப்பார்கள்.

மாதத்தில் பாதி நாள் முத்தம்மாவுக்கு இரவு வேலை. இரவு 8 மணிக்கு வார்டுக்குள் நுழைவார். காலை 8 மணிக்குத்தான் வெளியே வருவார். விரிப்பு மாற்ற வேண்டும். நோயாளியைத் தள்ளுவண்டியில் வைத்து எக்ஸ்ரே எடுக்கக் கொண்டு போக வேண்டும். பெட்பேன் வைக்க வேண்டும். குப்பைப் பைகளைக் கட்டி எடுக்க வேண்டும். உட்கார நேரம் இருக்காது.

காலையில் வீடு திரும்புவார். குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் குடங்களை நிரப்புவார். சமைப்பார். துணி துவைப்பார். படுக்கும்போது மணி 11 ஆகிவிடும். தகரக் கூரை காய்ந்து கொண்டிருக்கும். பக்கத்து வீட்டில் டிவி அலறும். ஒரு மணிக்கு யாராவது கதவைத் தட்டுவார்கள். அதோடு தூக்கம் போய்விடும்.

மாமியார் வேறு முணுமுணுப்பார்.

"பட்டப் பகல்லே பொம்பளை படுத்துக் கிடந்தா வீடு விளங்குமா?"

முத்தம்மாவுக்கே அது சரிதானோ என்று தோன்றும். கண் எரிச்சலோடு எழுந்து அடுப்படிக்குப் போவார்.

2. நாலரை மணிக்கு நடந்தது

அன்று தொடர்ந்து ஆறாவது இரவு. வார்டில் கூட்டம். அவசரப் பிரிவிலிருந்து புதிய நோயாளிகள் வந்தபடி இருந்தார்கள்.

பயிற்சி டாக்டர் ஒருவர் முந்தின நாள் காலையில் வேலைக்கு வந்தவர். இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. அவர் முத்தம்மாவிடம் இந்தியில் கேட்டார், "மாவ்ஷி, இன்னிக்கு என்ன கிழமை?"

முத்தம்மா கேலி என்று நினைத்துச் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

வார்டில் அன்று இருந்தவர் ஸ்டெல்லா சிஸ்டர். நாகர்கோவில்காரர். விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு நோயாளிக்கு ஊசி போட்டார். போட்ட ஊசியை வெள்ளை டப்பாவில் போட வேண்டும். அது ஊசி குத்தி வெளியே வராத கெட்டியான டப்பா. சிஸ்டருக்கு இது நன்றாகத் தெரியும். பத்து வருடமாகச் செய்கிற வேலை. ஆனால் அன்று ஊசி பிளாஸ்டிக் கழிவு போடும் சிவப்புப் பைக்குள் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் முத்தம்மா அந்தப் பையைக் கட்ட வந்தார். கண் சொருகிக் கொண்டிருந்தது. பையைக் கையால் அமுக்கினார். விரலில் சுருக்கென்று குத்தியது. கையுறைக்குள் ரத்தம்.

முத்தம்மா கையுறையைக் கழற்றி விரலை வாயில் வைக்கப் போனார். சிஸ்டர் ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"வாயிலே வைக்காதீங்க அக்கா! வாங்க, முதல்லே குழாய்க்கு வாங்க."

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார்கள். உடனே டாக்டரிடம் போனார்கள். யாருக்குப் போட்ட ஊசி என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் டாக்டர் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை அப்போதே தொடங்கச் சொன்னார். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். முத்தம்மா சாப்பிட்டார். வாய் கசந்தது. பயத்தில் சோறு இறங்கவில்லை. சில மாதம் கழித்துச் செய்த சோதனையில் எந்தக் குறையும் இல்லை என்று தெரிந்தது. அதுவரை வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

ஊசி குத்தினால் என்ன செய்ய வேண்டும்?

• சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள்.
• அழுத்திப் பிழியாதீர்கள். வாயில் வைக்காதீர்கள். ஸ்பிரிட் ஊற்றாதீர்கள்.
• யார் திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயன் இல்லை.
• மருத்துவமனையில் வேலை செய்யும் எல்லோரும் மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசியை முன்கூட்டியே முழுதாகப் போட்டுக் கொள்ள வேண்டும்.

அன்று காலை சிஸ்டர் அழுதார்.

"நான்தான் அக்கா போட்டிருக்கேன். எப்போ போட்டேன்னே ஞாபகம் இல்லை."

"நான் மட்டும் என்ன? பையை அமுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? கண்ணு தெரியலை சிஸ்டர்" என்றார் முத்தம்மா.

இரண்டு பேரும் வேலை தெரிந்தவர்கள். இரண்டு பேரும் பொறுப்பானவர்கள். பிறகு ஏன் தவறு நடந்தது?

3. உடம்புக்குள் ஒரு கடிகாரம்

தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்திருப்பீர்கள். சாயங்காலம் ஆனதும் இலைகளை மூடிக் கொள்ளும். காலையில் விரிக்கும். வெயிலைப் பார்த்து அப்படிச் செய்கிறது என்று நாம் நினைக்கிறோம்.

பிரான்ஸ் நாட்டில் மேரான் என்ற அறிஞர் இருந்தார். அவர் இப்படி இலை மூடும் ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். இருட்டிலும் அது பகல் நேரத்தில் இலையை விரித்தது. இரவு நேரத்தில் மூடியது. இது நடந்தது 1729 ஆம் ஆண்டு. செடிக்குள்ளேயே ஏதோ ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு அது முதல் அடையாளம்.

நம் உடம்பிலும் அப்படி ஒரு கடிகாரம் உண்டு. மூளையின் அடிப்பகுதியில் அது இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து அது நேரத்தைச் சரி செய்து கொள்கிறது. இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதை ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். பழத்தில் மொய்க்கும் சின்ன ஈயை வைத்தே கண்டுபிடித்தார்கள். 2017 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இருட்டியதும் மூளையில் மெலடோனின் என்ற பொருள் சுரக்கும். அது தூக்கத்துக்கு அழைக்கும். உடம்பின் சூடு மெல்லக் குறையும். விடியற்காலை 4, 5 மணி அளவில் சூடு மிகவும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில்தான் தூக்கம் ஆளை அடித்துப் போடும். கவனம் தவறும்.

முத்தம்மாவுக்கு ஊசி குத்தியது எத்தனை மணிக்கு? நாலரை மணிக்கு.

பகலில் இது தலைகீழாக நடக்கிறது. படுத்தாலும் உடம்பு 'எழுந்திரு' என்கிறது. வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து கொள்கின்றன. அதனால் பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. நாள்தோறும் இரண்டு மூன்று மணி நேரம் கடன் விழுகிறது. வட்டிக்கடன் போல அது ஏறிக் கொண்டே போகிறது.

4. தூக்கமும் போதையும்

ஆஸ்திரேலியாவில் 1997 இல் ஓர் ஆய்வு வெளியானது. தூங்காமல் இருப்பவரையும் மது குடித்தவரையும் ஒரே சோதனையில் உட்கார வைத்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கவனமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது ஏறியவரைப் போல் தடுமாறின. 24 மணி நேரம் விழித்திருந்தவர், 100 மில்லிகிராம் ஏறியவரைப் போல் இருந்தார்.

நம் நாட்டுச் சட்டப்படி 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது. அப்படியானால் ஒரு நாள் முழுக்கத் தூங்காத டாக்டர், எந்த நிலையில் ஊசி போடுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். குடித்தவரைக் குற்றம் சொல்கிறோம். தூங்க விடாமல் வேலை வாங்குவதை யாரும் குற்றம் என்று நினைப்பதில்லை.

அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவுப் பயிற்சி டாக்டர்களைப் பற்றி 2004 இல் ஓர் ஆய்வு வந்தது. 24 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்யும் முறையில், குறைந்த நேர முறையைவிடப் பெரிய தவறுகள் 36 சதவீதம் அதிகமாக நடந்தன. நீண்ட நேர வேலைக்குப் பின் வண்டி ஓட்டிப் போன டாக்டர்களுக்கு விபத்து ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததாக 2005 இல் இன்னோர் ஆய்வு சொன்னது.

பல வருடம் இரவு வேலை செய்தால் உடம்புக்கு என்ன ஆகும்? அமெரிக்காவில் 1976 இல் தொடங்கி ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நர்சுகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தார்கள். பல ஆண்டுகள் மாறி மாறி இரவு வேலை செய்தவர்களுக்கு இருதய நோயும் சர்க்கரை நோயும் கொஞ்சம் கூடுதலாக வந்தது தெரிந்தது.

வேறு தொல்லைகளும் உண்டு:

• வயிறு: நெஞ்செரிச்சல், வாயு, மலச்சிக்கல். இரவில் செரிமானம் மந்தமாக இருக்கும். அந்த நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டால் இந்தத் தொல்லை வரும்.
• மனம்: எரிச்சல், மறதி, சோர்வு, காரணமில்லாத அழுகை.
• பெண்களுக்கு: மாதவிலக்கு முன்பின் ஆகலாம். கர்ப்பமாக இருப்பவர்களுக்குக் கரு கலையும் ஆபத்து கூடலாம்.
• புற்றுநோய்: இரவு வேலை புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2007 இல் சொன்னது. 2019 இல் மறுபடி ஆராய்ந்து அதையே சொன்னது.

இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். இரவு வேலை செய்கிற எல்லோருக்கும் இவை வரும் என்று பொருள் இல்லை. ஆபத்து கூடுகிறது என்றுதான் பொருள். ஆபத்தைக் குறைக்க வழியும் இருக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் வருடம் ஒரு முறையாவது பார்த்துக் கொள்ளுங்கள். மார்பில் கட்டி தென்பட்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

5. கதவில் ஓர் அட்டை

ஸ்டெல்லா சிஸ்டர் இதையெல்லாம் முத்தம்மாவுக்கு எடுத்துச் சொன்னார். கடைசியில் சொன்னார்:

"அக்கா, பகல்லே நீங்க தூங்குறது சோம்பல் இல்லை. அதுவும் உங்க வேலையிலே ஒரு பாதி."

முத்தம்மா எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றவர். அன்று வீட்டுக்குப் போனதும் ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்தார். மகள் செல்வியிடம் பேனா வாங்கினார். தரையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி எழுதினார்:

"இரவு வேலை பார்த்தவர் துங்குகிறார். மதியம் 3 மணி வரை கதவைத் தட்ட வேண்டாம்."

செல்வி எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, 'து' போட்டுட்டீங்க. நெடில் போடணும், 'தூ'. தூக்கம் நீளமா இருக்கட்டும்."

முத்தம்மா சிரித்துக் கொண்டே திருத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக அதையே செல்வி இந்தியில் கீழே எழுதினாள். அட்டை கதவில் தொங்கியது.

மாமியார் முகத்தைச் சுளித்தார். முத்தம்மாவின் கணவர் அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார்: "தூக்கம் இல்லாமத்தான் அவ கையிலே ஊசி குத்திச்சு. இன்னொரு தடவை குத்தினா என்ன செய்வோம்?" மறுநாள் முதல் குடம் நிரப்புவது அவர் வேலை ஆனது.

ஒரு வாரம் போனது. ஒரு நாள் மதியம் சீட்டுப் பணம் கேட்டு ஒருவர் கதவைத் தட்டப் போனார். மாமியார் வாசலிலேயே அவரை நிறுத்தினார்.

"ராத்திரி பூரா கண்ணு முழிச்சவ தூங்குறா. மூணு மணிக்கு மேலே வா."

உள்ளே முத்தம்மாவின் காதில் அது விழவில்லை. அவர் நன்றாகத் தூங்கிக் கொண்டிருந்தார்.

முத்தம்மா கடைப்பிடித்த வேறு பழக்கங்கள்:

• வேலைக்குப் போகும் முன் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டார். நடு இரவில் வடாபாவ், பஜ்ஜி தின்பதை விட்டார். இட்லி, சப்பாத்தி, பழம் என்று கொஞ்சமாகச் சாப்பிட்டார். தண்ணீர் நிறையக் குடித்தார்.
• டீயை இரவின் முதல் பாதியோடு நிறுத்தினார். டீ, காபியின் வேகம் பல மணி நேரம் உடம்பில் இருக்கும். விடியற்காலையில் குடித்தால் காலையில் தூக்கம் வராது.
• காலையில் வீடு திரும்பும்போது தலையில் முந்தானையைப் போட்டுக் கொண்டார். வெயில் கண்ணில் பட்டால் உடம்புக் கடிகாரம் விழித்துக் கொள்ளும்.
• ஜன்னலில் கனமான கறுப்புத் துணி கட்டினார். காதில் பஞ்சு வைத்துக் கொண்டார்.
• தூக்க மாத்திரை சாப்பிடவில்லை. மருத்துவமனையில் வேலை செய்வோர் கைக்கு மாத்திரை எளிதில் எட்டும். டாக்டர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. குடித்துவிட்டுத் தூங்குவதும் நல்ல தூக்கம் இல்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாத்திரை, இன்சுலின் நேரத்தைத் தாங்களே மாற்றக் கூடாது. இரவு வேலை என்று டாக்டரிடம் சொல்லி, நேரம் கேட்டுக் கொள்ள வேண்டும். இரவு வேலை முடிந்ததும் ஸ்கூட்டர், பைக் ஓட்ட வேண்டாம். பஸ்ஸிலோ ரயிலிலோ போவது நல்லது.

6. வீடு மட்டும் போதுமா?

போதாது. ஆறு இரவு தொடர்ந்து வேலை போட்டால் எந்தக் கறுப்புத் துணியும் உதவாது. மருத்துவமனையும் மாற வேண்டும்.

1990 இல் உலகத் தொழிலாளர் அமைப்பு இரவு வேலைக்கு ஓர் உடன்பாடு கொண்டு வந்தது. இரவு வேலை செய்வோர் கேட்டால் இலவச உடல் பரிசோதனை செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் பகல் வேலை போன்ற மாற்று வழி தர வேண்டும். இப்படி அது சொல்கிறது.

நம் நாட்டில் பயிற்சி டாக்டர்களுக்கு 1992 இல் மத்திய அரசு ஒரு விதி வகுத்தது. ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வழக்கமான வேலை. வார விடுமுறை உண்டு. விதி எழுதி முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் பல இடங்களில் அது ஏட்டோடு நிற்கிறது. 2024 இல் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரை செய்தது. அதையே கேட்க வேண்டிய நிலை என்றால் வேலைச் சுமையைப் புரிந்து கொள்ளலாம்.

ஓய்வுக்குப் பாதுகாப்பான இடமும் வேண்டும். 2024 ஆகஸ்ட் 9 ஆம் நாள் கொல்கத்தாவில் ஓர் இளம் பெண் டாக்டர், இரவுப் பணியின் இடையே கருத்தரங்குக் கூடத்தில் ஓய்வெடுத்துக் கொண்டிருந்தார். அங்கேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். நாடு முழுவதும் டாக்டர்கள் போராடினார்கள். மருத்துவப் பணியாளர் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அந்த மாதமே ஒரு தேசியக் குழுவை அமைத்தது. பூட்டக் கூடிய ஓய்வறை ஆடம்பரம் அல்ல. டாக்டருக்கும் நர்சுக்கும் ஆயாவுக்கும் அது தேவை.

சிஸ்டரும் முத்தம்மாவும் மற்றவர்களோடு சேர்ந்து மேட்ரனுக்கு மனு எழுதினார்கள்:

1. தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் போட வேண்டாம்.
2. ஒரு வேலை முடிந்து அடுத்த வேலைக்கு 11 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.
3. வேலை முறையைக் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் மாற்றுங்கள். உடம்பு அதற்கு எளிதில் பழகும்.
4. இரவில் ஒருவர் பார்த்துக் கொள்ள, ஒருவர் அரை மணி நேரம் கண்ணயர அனுமதி வேண்டும்.
5. பெண்களுக்குப் பூட்டுப் போடும் ஓய்வறை வேண்டும்.
6. வார்டுக்குக் கூடுதல் ஆள் வேண்டும்.

முத்தம்மா தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேட்ரன் முதல் நான்கையும் ஏற்றுக் கொண்டார். ஓய்வறைக்கு ஒரு பழைய அறையை ஒழித்துத் தந்தார்கள். கூடுதல் ஆள் இன்னும் வரவில்லை. அடுத்த மனு தயாராகிறது.

இன்று இரவும் நாம் தூங்கும்போது ஆயிரக்கணக்கான வார்டுகளில் விளக்கு எரியும். நம் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நடு இரவில் கதவைத் திறக்க அங்கே ஒருவர் விழித்திருப்பார். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் பகலில் தூங்குகிறாரா? டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. முத்தம்மாவுக்கு எத்தனை மணிக்கு ஊசி குத்தியது? அந்த நேரத்தில் உடம்பு எப்படி இருக்கும்?
2. ஊசி குத்தியதும் செய்ய வேண்டியவை எவை? செய்யக் கூடாதவை எவை?
3. பகலில் தூக்கம் குறைவாகக் கிடைப்பது ஏன்?
4. மாமியார் ஏன் மனம் மாறினார்?

சேர்ந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் இரவு வேலை செய்பவர்கள் யார் யார்? வாட்ச்மேன், டிரைவர், மில் தொழிலாளி என்று பட்டியல் போடுங்கள். அவர்கள் பகலில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

எழுதிப் பாருங்கள்

முத்தம்மா எழுதியதைப் போல உங்கள் வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ ஓர் அட்டை எழுதுங்கள். 'தூ' நெடில் என்பதை மறக்க வேண்டாம்.